தையற்காரிக்கு ஒரு சாட்சி

கும்மிடிப்பூண்டி
9 ஜூன் 2024

அன்புத் தங்கை ஜெனிபருக்கு,

இயேசுவுக்குப் புகழ். நான், பாப்பா, அவர் மூவரும் நலம். உனக்கு மடத்துச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? கடம்பத்தூர் ஒன்றும் சீமையில் இல்லை. பேசின்பிரிட்ஜில் ரயில் மாறினால் வந்துவிடலாம். ஆனாலும் கன்னியர் பயிற்சி முடியும் வரை உனக்குப் போன் கிடையாது, கடிதம்தான் என்று ஆகிவிட்டது. பள்ளியை விட்ட பிறகு நான் இவ்வளவு எழுதுவது இப்போதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னோடு படித்த ஷைனி இங்கே பள்ளிக்கூடத்து டீச்சராக வந்திருக்கிறாள். கோயில் பாடகர் குழுவையும் அவள்தான் பார்க்கிறாள். வந்த சூட்டோடு பங்கு மண்டபத்தில் ஒரு படம் போடப்போகிறேன் என்கிறாள். நூறு வருஷத்துக்கு முந்தைய வெளிநாட்டு ஊமைப்படம், கொலைக்கதை. நடுநடுவே வரும் எழுத்தைத் தமிழில் இவள் படிப்பாளாம். இசைக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசிக்க வேண்டும். யாரைக் கேட்டாள் தெரியுமா? உன் எட்வர்ட் மாமாவை.

அவர் கீபோர்டைத் தொட்டே பல வருஷம் ஆகிறது. பாப்பாவின் ஞானஸ்நானத்துக்கு நான் கெஞ்சினேன். "ஃபவுண்டரில நின்னு நின்னு கை மரத்துப் போச்சு மெர்சி, வுடு" என்றார். ஷைனி கோயில் வாசலில் ஒரே ஒரு முறை கேட்டாள். "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கே பரண் மேலிருந்து கீபோர்டை இறக்கித் துடைத்தார். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நல்ல காரியம்தானே.

மாதா துணை இருக்கட்டும்.
அக்கா மெர்சி

கடம்பத்தூர்
30 ஜூன் 2024

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டேன். நான் சுகம். பாப்பா எப்படி இருக்கிறாள்? கம்பெனியில் நின்றபடியே வேலை செய்வதால் உனக்கு இடுப்பு வலி வருமே, குறைந்ததா? எனக்கு இந்த மாதம் தோட்ட வேலை. கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடும்போது நீ ஞாபகத்துக்கு வருவாய்.

ஷைனி வந்தது உனக்கு நல்ல துணை. பயம் என்பதே தெரியாதவள். ஒருமுறை மேடையில் எனக்குப் பாட்டு மறந்துபோனது. பின்னாலிருந்து அவள் எடுத்துப் பாடி என்னைக் காப்பாற்றினாள். அவளிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அந்தப் படத்தின் கதையை எழுது அக்கா. மாலையில் கதை கேட்க இங்கே ஒரு கூட்டமே இருக்கிறது.

என்றும் உன் ஜெபத்தை நாடும்
ஜெனிபர்

கும்மிடிப்பூண்டி
14 ஜூலை 2024

அன்பு ஜெனிக்கு,

நலம், நலம் அறிய ஆவல். பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்து இப்போது தேவலாம்.

கதை கேட்டாய். படத்தின் பெயர் 'தையற்காரியின் குற்றம்' என்று ஷைனி தமிழில் வைத்திருக்கிறாள். ஒரு நகைக்கடை முதலாளி கொலையாகிறார். பக்கத்தில் ஒரு தையற்காரியின் கத்தரிக்கோல் கிடக்கிறது. ஆனால் கொலை நடந்த நேரத்தில் அந்தப் பெண் ஒரு குமாஸ்தா வீட்டில் உட்கார்ந்து குழந்தைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அது அந்தக் குமாஸ்தாவின் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். தன் புருஷன் தையற்காரியிடம் சிரித்துப் பேசுகிறான் என்று அவளுக்கு மனக்குறை. போலீஸ்காரர் வந்து, "அந்தப் பெண் இங்கே இருந்தாளா?" என்று கேட்கிறார். அவள் வாயே திறக்கவில்லை. தையற்காரி சிறைக்குப் போய், இருமி இருமிச் செத்துப்போகிறாள். உண்மையான கொலைகாரன் பிடிபட்ட பிறகு மனைவி கோயிலில் விழுந்து அழுகிறாள். 'கண்ணீர் எல்லாக் கறையையும் கழுவும்' என்று எழுத்து வருகிறது. படம் முடிகிறது.

ஒத்திகை எங்கள் வீட்டில்தான். ஷைனியின் லேப்டாப்பில் படம் ஓடும், அவர் வாசிப்பார். அந்தப் பொம்பளை பேசாமல் நிற்கும் இடம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. "கோயில்ல நல்லவங்களுக்கு வாசிக்கறது ஈஸி ஷைனி. இவ கெட்டவளா இன்னான்னே தெரியல. இவளுக்கு இன்னாத்த வாசிக்கறது?" என்கிறார். சோறு ஆறிப்போவதுகூடத் தெரியாமல் இருவரும் அதையே பேசுகிறார்கள். என்னோடு அவர் பேசுவது கேஸ் தீர்ந்ததையும் பாப்பா ஃபீஸையும்தான்.

போன வாரம் எளாவூரில் மைக் செட் வைத்திருக்கும் ஜெயராஜிடம் அவர் ஸ்பீக்கர் பார்க்கப் போக வேண்டியிருந்தது. நானும் போவதாக இருந்தேன். பாப்பாவுக்குக் காய்ச்சல். "நீயே வண்டில குந்திக்கினு போய் சத்தம் கேட்டுப் பாத்துட்டு வா" என்று ஷைனியை நான்தான் ஏற்றிவிட்டேன். செக்போஸ்ட் கிட்டே டயர் பஞ்சராகி, இருட்டிய பிறகு வந்தார்கள். இருவர் துணியிலும் ஒரே லாரிப்புழுதி. அவர் சட்டையைத் துவைத்தது நான்.

மாதா காப்பாராக.
மெர்சி

கடம்பத்தூர்
4 ஆகஸ்ட் 2024

அன்பு அக்கா,

பாப்பாவின் காய்ச்சல் முழுக்க விட்டதா? சுடுதண்ணீரே கொடு.

உன் கதையை இங்கே சொன்னேன். அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது பெரிய வாக்குவாதம். 'அவள் பொய் சொல்லவில்லையே, பேசாமல்தானே இருந்தாள்' என்றாள் ஒருத்தி. 'பேசாமல் இருந்ததுதான் பொய்' என்றாள் இன்னொருத்தி. எனக்கு அந்த மனைவி மேல் இரக்கம் வந்தது அக்கா. அவள் வாயைத் திறக்க எவ்வளவு நேரம் இருந்தது. தையற்காரி உயிரோடு இருந்த நாள் எல்லாமே அவளுக்கு நேரம்தான்.

ஷைனியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. செவ்வாப்பேட்டையில் அன்பு என்று ஒருவரோடு நிச்சயமாகியிருக்கிறதாம். தை மாதம் கல்யாணம். நீ எழுதவில்லையே? வேலையில் மறந்திருப்பாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உன் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொள்.
ஜெனிபர்

கும்மிடிப்பூண்டி
25 ஆகஸ்ட் 2024

அன்பு ஜெனிக்கு,

நாங்கள் நலம். நிச்சயத்தை எழுத மறந்துதான் போனேன்.

அது விஷயமாக ஒன்று நடந்தது. அந்த அன்புவின் அம்மா ரோசம்மாள் திடீரென்று வீட்டுக்கு வந்தார்கள். எளாவூர் செக்போஸ்ட் டீக்கடையில் அவர்கள் சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறாராம். ஷைனியும் இவரும் இருட்டில் வண்டியோடு நின்றதைப் பார்த்துப் போய்ச் சொல்லியிருக்கிறார். உன் மாமா வேலைக்குப் போயிருந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

"உன் ஊட்டுக்காரர்கூட அந்தப் பொண்ணு வண்டில போச்சாமே மெர்சி. உனக்குத் தெரிஞ்சிதான் போச்சா? உள்ளத சொல்லும்மா. எனக்கும் ஒரே புள்ள."

அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருந்தது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "டீ ஆறிப்போகுது, குடிங்க" என்றேன்.

அவர்கள் என் முகத்தையே பார்த்தார்கள். "சரிம்மா. நீ சொல்ல வேணாம். உன் மூஞ்சே சொல்லுது" என்று என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் ஷைனியைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை ஜெனி. பெரியவர்கள் விஷயத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும்? கம்பெனியில் இப்போது ஓவர்டைம் அதிகம். அதனால் எழுதத் தாமதமானால் கவலைப்படாதே.

மெர்சி

கடம்பத்தூர்
1 செப்டம்பர் 2024

அக்கா,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மதரிடம் தனியாக அனுமதி வாங்கி இதை எழுதுகிறேன்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் என்பதையும், ஷைனியை நீதான் ஏற்றி அனுப்பினாய் என்பதையும் அந்த அம்மாவிடம் சொன்னாயா?

ஜெனிபர்

கும்மிடிப்பூண்டி
20 அக்டோபர் 2024

அன்பு ஜெனிக்கு,

மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். கம்பெனி பஸ் மெயின் ரோட்டோடு நின்றுவிடுகிறது. பாப்பா நலம். இடுப்பு வலி பரவாயில்லை. வயரிங் லைனில் என்னை செக்கிங்குக்கு மாற்றியிருக்கிறார்கள்.

ஷைனி கல்யாணம் நின்றுபோனது. மாப்பிள்ளை வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் கோயிலில் எல்லோருக்கும் ஒரு காரணம் தெரிந்திருக்கிறது. அவள் ஒத்திகைக்கு வீட்டுக்கு வருவதில்லை. மண்டபத்திலேயே நான்கு பேர் பார்க்க நடக்கிறது.

நீ என்னைக் கேள்வி கேட்டாய். நானும் ஒன்று கேட்கிறேன். நீ மடத்துக்குப் போனதிலிருந்து எத்தனை கடிதம் எழுதியிருக்கிறாய். பாப்பா எப்படி, இடுப்பு எப்படி, ஷைனி எப்படி என்று எல்லாம் கேட்கிறாய். உன் மாமா எப்படி என்று ஒருமுறையாவது கேட்டாயா? நீ கோயிலில் பாடின காலத்தில் அவர் எப்படி வாசித்தார் என்று எனக்கு மறக்கவில்லை. நீ மடத்துக்குப் போன அந்த வருஷம்தான் கீபோர்டு பரணுக்குப் போனது. ஷைனிக்காக இப்போது இறங்கி வந்தது. நடுவில் நான் என்று ஒருத்தி இந்த வீட்டில் சோறு பொங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

மெர்சி

கடம்பத்தூர்
27 அக்டோபர் 2024

அக்கா,

நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்கிறேன்.

நான் பாடினேன், மாமா வாசித்தார். அதற்கு மேல் ஒன்றுமில்லை. சிலுவையைத் தொட்டு எழுதுகிறேன். ஆனால் நான் பாடும்போதெல்லாம் நீ பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பாய். அது எனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்குப் பிறகு உன் வீட்டுக்கு வந்தால் எங்கே உட்காருவது, எதற்குச் சிரிப்பது என்று யோசித்து யோசித்துத்தான் வருவேன். இங்கே வந்தது ஆண்டவருக்காக, உனக்குப் பயந்து அல்ல. ஆனால் மாமாவை நலம் விசாரிக்காமல் விட்டது உனக்குப் பயந்துதான். நான் எழுதும் ஒரு வரியை வைத்துக்கொண்டு நீ ராத்தூக்கம் கெடுவாய் என்று விட்டுவிட்டேன். அது அன்பு என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், உன் நோய்க்கு நானே தீனி போட்டிருக்கிறேன்.

இனி என் கேள்வி. நீ பதில் சொல்லவில்லை, அதனால் எனக்குப் பதில் தெரிந்துவிட்டது. அந்தப் படத்தின் கதையை உன் கையால் எழுதினாய். எழுதிய சில வாரத்தில் அதையே செய்தாய். படத்தில் அந்த மனைவி அழுததும் எல்லாம் சரியாகிவிட்டது என்கிறார்கள். நீ இங்கே வந்து அழாதே அக்கா. பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் அழுதாலும் போதாது. செவ்வாப்பேட்டைக்குப் போய்ப் பேசு. நான் வெளியே போக முடியாத இடத்தில் இருக்கிறேன். முடிந்திருந்தால் இந்நேரம் நானே போயிருப்பேன்.

உனக்காக ஜெபிக்கிறேன். கோபத்தோடுதான் ஜெபிக்கிறேன்.

ஜெனிபர்

கும்மிடிப்பூண்டி
24 நவம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். பிறகு ஒட்ட வைத்தேன்.

இம்மாதத் தொடக்கத்தில் படம் போட்டார்கள். மண்டபத்து ஜன்னல்களில் தார்ப்பாய் கட்டி, மதியம் மூன்று மணிக்கு. சிப்காட் கம்பெனிப் பிள்ளைகள் நிறையப் பேர் வந்தார்கள். இந்திக்காரப் பையன்களும் வந்து தரையில் உட்கார்ந்தார்கள். பேச்சில்லாத படமாதலால் அவர்களுக்கும் புரிந்தது. ஷைனி ஓரமாக நின்று எழுத்துகளைப் படித்தாள். குரல் நடுங்கவே இல்லை. போலீஸ்காரர் கேட்கிற இடத்தில் அந்த மனைவி பேசாமல் நின்றாள். உன் மாமா கீபோர்டில் ஒரே ஒரு கட்டையை அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். காதுக்குள் ஊசி மாதிரி அது நின்றது.

படம் முடிந்ததும், 'அந்தக் காலத்து நியாயம் இன்றைக்கும் நியாயமா, பேசுங்கள்' என்றாள் ஷைனி. யூனியன் மணவாளன் அண்ணன் எழுந்தார். "அந்தக் காலத்துல குடும்பம் நிக்கணும்னு படம் எடுத்தாங்க. புருஷன் மேல சந்தேகம் வந்தா ஒரு பொம்பள இன்னா பண்ணுவா பாவம்?" என்றார்.

என் லைனில் வேலை செய்கிற திலகவதி உட்கார்ந்தபடியே சொன்னாள். "புருஷன கேப்பா. வேற இன்னா பண்ணுவா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை. "சிரிக்காதீங்க. அழுதா கறை போயிடும்னு போட்டுட்டான். செத்தது தையல்காரி. கறை போனது இந்தம்மாவுக்கு. இது எந்த ஊரு நியாயம்? படம் எடுத்தவன் அந்தப் பொண்ண ஏன் சாவடிச்சான் தெரிமா? உயிரோட இருந்தா இவ போய் அது மூஞ்சில முழிக்கணும். அந்த சீன் எடுக்கறது கஷ்டம்."

ஷைனி என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் எல்லாம் சொன்னேன். ரோசம்மாள் வந்தது, டீ ஆறிப்போகுது என்றது, எல்லாம். சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் திரும்பினார். "அந்த வண்டில அவள ஏத்தி உட்டதே நீதான மெர்சி" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து தானே சோறு போட்டுக்கொள்கிறார், தட்டைத் தானே கழுவுகிறார். திட்டினால் தேவலாம்.

அடுத்த ஞாயிறு செவ்வாப்பேட்டைக்குத் தனியாகப் போனேன். ரோசம்மாள், அன்பு இருவரும் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. "நான்தான் அனுப்பினேன். பாப்பாக்குக் காய்ச்சல். வண்டி பஞ்சர். எனக்கு எல்லாமே தெரியும். நீங்க கேட்டப்ப சொல்லல" என்றேன்.

"அன்னிக்கே இத்த சொல்றதுக்கு இன்னாம்மா?" என்றார் ரோசம்மாள்.

"பொறாமை" என்றேன். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். அன்பு கையிலிருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்ப இன்னாம்மா பண்றது?" என்று அவன் அம்மாவைக் கேட்டான்.

மறுபடியும் பெண் கேட்டுப் போகிறார்களாம். வேண்டிக்கொள்.

மெர்சி

கடம்பத்தூர்
8 டிசம்பர் 2024

அன்பு அக்கா,

இன்று மாதா திருநாள். பூசையில் நான் தனியாகப் பாடினேன். வெகுநாள் கழித்து, பாடும்போது யார் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

நீ போய் வந்ததைப் படித்தேன். நாற்காலி இருந்தும் உட்காராமல் நின்று பேசினாய் என்பதில் என் அக்காவைப் பார்த்தேன்.

மாமா எப்படி இருக்கிறார்? ஃபவுண்டரி வெக்கையில் இருமல் வருமே, இப்போது பரவாயில்லையா?

கேட்டுவிட்டேன். நீ இதைப் படித்து என்ன நினைத்தாய் என்று மறைக்காமல் எழுது.

ஜெனிபர்

கும்மிடிப்பூண்டி
12 ஜனவரி 2025

அன்பு ஜெனிக்கு,

மாமா நலம். இருமல் இல்லை. நீ கேட்டிருந்ததைப் படித்ததும், இவள் ஏன் கேட்கிறாள் என்று அந்த வரியை மூன்று முறை திருப்பிப் படித்தேன். அதே கடிதத்தை அவரிடம் நீட்டி, "ஜெனி உன்ன விசாரிச்சிருக்கா" என்றேன். மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

ரோசம்மாளும் அன்புவும் பூ, பழத்தோடு ஷைனி வீட்டுக்குப் போனார்கள். அவள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "ஒருத்தங்க டீ குடிங்கன்னு சொன்னதுலயே நான் யாருன்னு கண்டுபிடிச்சிட்டீங்க. நாளைக்கு இன்னொருத்தங்க தண்ணி குடிங்கம்பாங்க. என்னால ஒவ்வொரு டம்ளருக்கும் பதில் சொல்லிக்கினு வாழ முடியாது" என்றாளாம். ஊரில் இதைச் சிலர் திமிர் என்கிறார்கள். திலகவதி, அந்த வார்த்தையைப் பிரேம் போட்டு மாட்டணும் என்கிறாள்.

பிறகு நான் அவளைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூட வராண்டாவில் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். பேனாவை மூடி வைத்தாள்.

"நீங்க அன்னிக்குப் பேசி இருந்தா எனக்குக் கல்யாணம் ஆயிருக்கும்க்கா. பேசாததால அந்த ஊட்ட தெரிஞ்சிக்கினேன். அதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும்னு ஊர்ல சிலபேர் சொல்றாங்க. சொல்ல மாட்டேன். மன்னிச்சிட்டேன்னும் சொல்ல மாட்டேன். எனக்கு இன்னும் வரல."

"நான் இன்னா பண்ணணும் ஷைனி?"

"செவ்வாப்பேட்டைல சொன்னீங்க. அங்க நான் போகப்போறது இல்ல. இங்கதான் இருக்கப் போறேன். இந்தக் கோயில்லதான் நான் பாட நிக்கறப்ப எட்வர்ட் அண்ணனையும் என்னையும் மாறி மாறிப் பாக்கறாங்க. இங்க சொல்லுங்க."

போன ஞாயிறு பூசை முடிந்து, அறிவிப்பு நேரத்தில் ஃபாதர் எனக்கு மைக் கொடுத்தார். எழுதி வைத்திருந்தேன். எழுத்தே கண்ணுக்குத் தெரியவில்லை. "ஷைனியை எளாவூருக்கு என் புருஷன்கூட அனுப்பினது நான். கேட்டவங்ககிட்ட சொல்லாம மறைச்சதும் நான். அந்தப் பொண்ணு மேல எந்தத் தப்பும் இல்ல. பொறாமைல வாயை மூடிக்கினு இருந்தேன்" என்று மட்டும் சொன்னேன். பாப்பா முன்வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் எங்கோ உச்சுக்கொட்டினார். ஷைனி அடுத்த பாட்டின் பக்கத்தைத் திருப்பி, கை காட்டினாள். அவர் கீபோர்டில் வாசிக்க ஆரம்பித்தார். பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நான் மட்டும் எங்கே நிற்பது என்று தெரியாமல் மைக் பக்கத்திலேயே நின்றேன்.

வெளியே இரண்டு பெண்கள் நான் வருவதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். இது கொஞ்ச காலம் இருக்கும். ஷைனி இத்தனை மாதமாக நடந்த வழி இதுதானே, நடந்தேன்.

வண்டியை எடுக்கும்போது அவர் என்னைப் பார்த்து, "காலைல நாஷ்டா பண்ணியா இல்லியா?" என்றார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவராகக் கேட்டது. இல்லை என்றேன். ஸ்டேஷன் பக்கத்து ஓட்டலில் நிறுத்தினார். உள்ளே ஷைனி பாடகர் குழுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் இட்லிப் பக்கம் குனிந்துகொண்டாள். அவர் அவர்களைப் பார்த்துத் தலையசைத்தார், அவர்களும் அசைத்தார்கள். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்றது ஜெனி. இவ்வளவுக்கும் பிறகு.

"இப்பவும் எரியுது" என்று அவரிடம் சொன்னேன்.

"எனக்குத் தெரியற மாரி எரியுதே, அது போதும் இப்பத்திக்கு" என்று சொல்லி, பாப்பாவின் பக்கம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். மூன்று தோசை சொன்னார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். பயிற்சி முடிந்து நீ வரும் நாளில், என் வீட்டில் நீ எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

உன் அக்கா
மெர்சி